மிதிப்பதா, வெட்டுவதா?

கேள்வி: ஆங்கிலப் படங்களில் மண்வாரியைக் காலால் மிதித்துக் குழி தோண்டுகிறார்கள். நாம் மட்டும் ஏன் மண்வெட்டியை ஓங்கி வெட்டுகிறோம்?

பதில்: முதலில் காலைப் பாருங்கள். அங்கே கனத்த பூட்ஸ்; இங்கே சேற்றில் வெறுங்கால். இரும்பு விளிம்பை மிதித்தால் உள்ளங்கால் என்னாவது? வேலையும் வேறு. அண்டை வெட்ட, மடை திறக்க, ஈர மண்ணை வெட்டித் தன் பக்கம் இழுக்க வேண்டும். இழுத்ததை அதே தகட்டால் தட்டி வரப்பில் பூசியும் விடலாம். ஆழக் குழி என்றால் மண்வெட்டி திணறும். கடப்பாரையைத் தேட வேண்டியதுதான். குட்டைக் காம்பு முதுகையும் சும்மா விடாது. வெட்டிய மண்ணைச் சுமக்கக் கூடையும் வேண்டும். திருவிளையாடல் கதையில், மதுரையில் வந்தி என்ற மூதாட்டியிடம் பிட்டுக் கூலிக்கு வந்த சிவனே மண்வெட்டி, கூடையோடுதான் வைகைக் கரைக்குப் போனார். வேலை செய்யாமல் பிரம்படி வாங்கியதை ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள்.