மலைப்புற இல்லங்களுக்கு அவசர ஊர்தி: தனியார் பாதைகள் எழுப்பும் சிக்கல்

கேரளத்தில் 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் ‘கனிவு 108’ என்னும் அவசர ஊர்தித் திட்டம் 315 ஆம்புலன்ஸ்களுடன் தொடங்கப்பெற்றது. நகர்ப்புறங்களில் இத்தகைய ஊர்தி வீட்டு வாயில் வரை வந்து நிற்கிறது. தமிழ்நாட்டை ஒட்டியுள்ள பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் மலைப்பகுதிகளில் அது பெரும்பாலும் தார்ச்சாலை முடியும் இடத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் நோயாளியின் வீடு இருநூறு மீட்டர் தொலைவிலும் இருக்கலாம், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கலாம். ஊர்திகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் இந்த இடைவெளியை அளவிட இயலாது.

மகப்பேற்றுக்குப் பின் கட்டுக்கடங்காத குருதிப்போக்கு ஏற்படுமாயின் நல்ல உடல்நலமுள்ள தாயின் உயிரும் இரண்டு மணி நேரத்துக்குள் பிரியக்கூடும். பாம்புக்கடி, மாரடைப்பு, யானை தாக்கிய காயம் ஆகியவற்றிலும் காலமே முதல் மருந்து. 2022 டிசம்பரில் அட்டப்பாடியின் கடுகுமண்ணை ஊரில் பிரசவ வேதனை கண்ட பழங்குடிப் பெண் ஒருவர் துணித்தொட்டிலில் சுமந்து செல்லப்பட்டு, பின்னர் ஊர்தியில் கோட்டத்தரை அரசு மருத்துவமனையை அடைந்தார். மருத்துவமனையும் ஊர்தியும் இருந்தும், இரண்டையும் வீட்டோடு இணைக்கும் பாதை இல்லை.

அப்பாதை யாருடையது என்று கேட்டால்தான் சிக்கலின் வேர் புலப்படும்.

இடுக்கியில் 1940களில் உணவுப் பற்றாக்குறையைப் போக்கும் பொருட்டுக் காட்டு நிலங்கள் சாகுபடிக்கு வழங்கப்பட்டன. குடியேறிய குடும்பங்கள் மிளகும் ஏலமும் பயிரிட்டு, தத்தம் சரிவிலேயே வீடு கட்டிக்கொண்டன. ஒருவர் நிலத்தின் ஓரமாக மற்றவர் நடந்தார். நடைபாதை காலப்போக்கில் ஜீப் பாதையாயிற்று. பல இடங்களில் இரு சக்கரங்களும் படியும் தடங்களுக்கு மட்டும் கான்கிரீட் இட்டு, நடுவே புல் வளர விட்டிருப்பர். பத்திரத்தில் இப்பாதை இடம்பெறாது. வாய்மொழி இணக்கமே அதன் ஆவணம். ஊராட்சியின் ஆஸ்திப் பதிவேட்டில் ஏறாத பாதைக்குப் பொதுப்பணம் செலவிட விதிகள் இடந்தருவதில்லை. பதிவேட்டில் ஏற்ற வேண்டுமாயின், பாதை கடக்கும் நிலங்களின் உரிமையாளர்கள் அனைவரும் அந்நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். திருமண ஊர்வலத்துக்கு மகிழ்ச்சியோடு வழிவிடும் அண்டை வீட்டார், கையொப்பம் என்றதும் தயங்குவது மனித இயல்பே. ஒருவர் மறுத்தாலும் அப்பால் உள்ள ஐந்தாறு வீடுகளுக்கும் சாலை இல்லை.

தேயிலைத் தோட்டங்களில் பாதை நிறுவனத்துக்கு உரியது. அதில் வாழ்பவரோ பெரும்பாலும் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் குடும்பத்தினர். தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவ வசதி அளிக்கும் கடமையை 1951ஆம் ஆண்டின் சட்டம் நிர்வாகத்தின் மீது சுமத்தியது. மருத்துவ வசதியைப் பற்றிச் சட்டம் பேசிய தெளிவோடு, லயங்களுக்குச் செல்லும் பாதையைப் பற்றி யாரும் பேசவில்லை. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. 70 பேர் மாண்டனர். தொலைபேசித் தொடர்பு அற்றுப்போயிருந்த அவ்விரவில் செய்தி வெளியுலகை எட்டவே மறுநாள் காலை ஆயிற்று. பெரியவாரையில் இருந்த தற்காலிகப் பாலமும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டிருந்தமையால் மீட்புக் குழுவினர் மேலும் தாமதித்தே சென்றடைந்தனர். மலைச்சரிவை எந்தச் சாலையும் தடுத்திராது என்பது உண்மையே. ஆயினும் ஒரே பாதையையும் ஒரே பாலத்தையும் நம்பி ஒரு குடியிருப்பு இருப்பதன் விலை அன்று தெரிந்தது.

மூன்றாவது வகை வனப்பாதை. பெட்டிமுடிக்கு அப்பால் உள்ள இடமலைக்குடி, முதுவர் குடிகள் அடங்கியது. 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைக்கப்பட்டது. கோடையில் நான்கு சக்கர இயக்கமுள்ள ஜீப் தட்டுத்தடுமாறிச் செல்லும். மழைக்காலத்தில் டோலி கட்டி நோயாளியைத் தூக்கி வருவதே வழக்கமாக இருந்து வந்துள்ளது. பாலக்காட்டின் முதலமடை ஊராட்சியைச் சேர்ந்த பறம்பிக்குளத்தின் நிலை விந்தையானது. அங்குள்ளோர் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து, மீண்டும் கேரளத்துக்குள் சென்றே தங்கள் ஊராட்சி அலுவலகத்தை அடைய முடியும். செம்மணாம்பதியிலிருந்து நேர்வழி வேண்டுமெனக் கோரி வந்த தேக்கடிக் குடியிருப்பினர் 2020 அக்டோபரில் தாமே பாதை வெட்ட முற்பட்டனர்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இங்கே பயன்தரத்தக்கது. கிராம சபை பரிந்துரைத்தால், சாலை உள்ளிட்ட பதின்மூன்று வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல் வெட்டிப் பயன்படுத்த அது இசைகிறது. மூன்று மீட்டர் அகலச் சாலைக்கு ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 3.3 கிலோமீட்டர். அட்டப்பாடியின் பல ஊர்களுக்கு இது போதுமானது, இடமலைக்குடிக்குப் போதாது. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000ஆம் ஆண்டில் தொடங்கியபோது, சமவெளியில் 500 மக்கள் உள்ள குடியிருப்புக்கும், மலை மாநிலங்களிலும் ஐந்தாம் அட்டவணைப் பழங்குடிப் பகுதிகளிலும் 250 மக்கள் உள்ள குடியிருப்புக்கும் இணைப்பு என வரையறுத்தது. கேரளத்தில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. 2023 நவம்பரில் தொடங்கிய ஜன்மன் திட்டத்தில் அட்டப்பாடிக் குறும்பரும் பறம்பிக்குளத்துக் காடரும் அடங்குவர், முதுவர் அடங்கார். தேவை ஒன்றாக இருந்தும் தகுதி வேறுபடுகிறது.

பாதை இருந்தாலும் ஊர்தி ஏறுமா என்பது வேறு கேள்வி. மலைச்சாலைகளில் மிகக் கடினமான இடத்திலும் நூறு மீட்டருக்கு எட்டு மீட்டருக்கு மேல் ஏற்றம் கூடாதென்பது இந்திய சாலைப் பேரவையின் நெறி. இதனினும் செங்குத்தான தனியார் பாதைகள் இம்மலைகளில் அரிதல்ல. பின்பகுதி நீண்ட வேன் வகை ஆம்புலன்ஸ் கொண்டை ஊசி வளைவில் ஒரே வீச்சில் திரும்பாது. தரைப்பாலத்தில் இறங்கி ஏறுகையில் அதன் அடிப்பகுதி தட்டும். திரும்பும் இடமில்லையேல் ஓட்டுநர் பின்னோக்கியே இறங்க வேண்டும். ஆகவே முழுச்சாலையையும் அகலப்படுத்தப் பணம் இல்லாத இடத்தில், வளைவுகளை மட்டும் அகலப்படுத்துவதும், பாதை முடிவில் திரும்புமிடம் ஒன்று அமைப்பதும், மழைநீர் வடிய ஓடை வெட்டுவதும் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருபவை. ஓடையில்லாத கான்கிரீட் தடம் மூன்று மழைக்காலம் தாங்கினால் வியப்பே.

சாலை வரும்வரை காத்திராமல் ஊராட்சிகள் செய்யக்கூடியவையும் உள. ஆம்புலன்ஸ் எதுவரை வரும், அங்கிருந்து ஒவ்வொரு வீடும் எவ்வளவு தொலைவு, எந்த ஜீப் ஓட்டுநர் இரவிலும் வருவார் என்னும் பட்டியலை வார்டு உறுப்பினரும் ஆஷா பணியாளரும் ஓரிரு வாரங்களில் தயாரித்து, 108 கட்டுப்பாட்டு அறைக்கு அளிக்கலாம். தோட்டத்தின் தடுப்புக் கம்பிக்கும் வனச் சோதனைச் சாவடிக்கும் உரிய சாவி இரவில் எவரிடம் உள்ளது என்பதும் அதில் இடம்பெற வேண்டும். பூட்டிய கதவின் முன் கழியும் கால் மணி நேரம் பத்துக் கிலோமீட்டர் நல்ல சாலையின் பயனை அழித்துவிடும். இரவில் சுமக்க நேரும் இடங்களுக்குத் துணித்தொட்டிலுக்குப் பதிலாக, நோயாளியை வாரால் பிணைத்து எடுத்துச்செல்லும் மடக்குத் தூக்குப் படுக்கை வழங்கலாம். பேறுகாலம் நெருங்கிய பெண்களை மருத்துவமனை அருகே முன்கூட்டியே தங்கவைப்பதும் வேண்டும். ஆனால் வீட்டில் உள்ள பிற குழந்தைகளுக்கும் இடமும் உணவும் இல்லையேல் எந்தத் தாயும் வரமாட்டாள்.

எல்லைப் பகுதிக்கே உரிய ஏற்பாடு ஒன்றும் தேவைப்படுகிறது. அட்டப்பாடியினர்க்கு ஆனைகட்டி வழியே கோயம்புத்தூரும், போடிமெட்டுப் பகுதியினர்க்குத் தேனி மருத்துவக் கல்லூரியும் பல வேளைகளில் அருகில் உள்ளன. இரு மாநிலங்களிலும் 108 என்பதே எண்ணாயினும், எல்லையோரக் கோபுரத்தின் அலைவரிசையைப் பிடித்துக்கொண்ட கைபேசியிலிருந்து செல்லும் அழைப்பு அண்டை மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேரக்கூடும். அழைப்பை உரிய இடத்துக்கு மாற்றவும், எந்த மாநில ஊர்தி அருகில் உளதோ அதையே அனுப்பவும் இரு அறைகளுக்குமிடையே நேரடித் தொடர்பு வேண்டும். இதற்கு நிலமும் தேவையில்லை, பாலமும் தேவையில்லை.