விடியற்காலைக் கனவு

நெம்மேலி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி போனில் உன் குரலே சரியில்லை. கூடத்துக்குள் குதிரை வந்து நின்றதாம், உன் பல்லெல்லாம் உள்ளங்கையில் கொட்டியதாம். பல் விழுந்தால் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆகாது என்று எங்கேயோ படித்துவிட்டு ஆயாவை நினைத்து அழுதிருக்கிறாய். ஆயா நன்றாக இருக்கிறார். காலையில் நெத்திலி வாங்கி, அவரே ஆய்ந்து, குழம்பும் வைத்தாயிற்று.

குதிரை எங்கிருந்து வந்தது என்று நீயே யோசித்துப் பார். லீவு விட்டதிலிருந்து ‘மர்மதேசம்’ டிவி தொடர்தான் பார்க்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய அந்தத் தொடரில், குதிரையில் கருப்பு வரும் ‘விடாது கருப்பு’ தொண்ணூறுகளில் வந்தபோது, கொல்லைப்பக்கம் போகப் பெரியவர்களே துணை தேடினார்கள். ஆனால் வாரத்துக்கு ஒரு பகுதிதான். மறுநாள் குழாயடியில் அதையே பேசிப் பேசிப் பயத்தைக் கரைத்துவிடுவோம். அதற்கும் முன்னால், 1987-ல் ஞாயிறு காலை ராமாயணம் ஓடும்போது, இந்தி தெரியாத எங்கள் தெருவே ஒரு வீட்டில் கூடும். கதை தெரிந்த கிழவி ஒருத்தி விளக்கம் சொல்வாள். நீயோ ராத்திரி இரண்டு மணி வரை, போர்வைக்குள், தனியாக, பகுதி பகுதியாக விழுங்குகிறாய். அது பேச்சாக வெளியே வர வழியில்லாமல் தூக்கத்தில் வருகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பல்லுக்கும் காரணம் உண்டு. 2018-ல் இஸ்ரேலில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பல் விழும் கனவுக்குத் தொடர்பு மனக்கவலையோடு இல்லை, காலையில் எழும்போது பல்லிலும் ஈறிலும் இருக்கும் உறுத்தலோடுதான் என்று கண்டார்கள். நீ குழந்தையிலேயே தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிப்பாய். பல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடு.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பார்களே என்று கேட்டாய். மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் ஒரு தூக்கம் உண்டென்று 1953-ல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளெய்ட்மனும் எழுதினார்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருதரம் அது வரும். விடியல் நெருங்க நெருங்க நீளும். துலக்கமான கனவுகள் பெரும்பாலும் அதில்தான். லீவு நாளில் ஒன்பது மணி வரை தூங்குகிறவளுக்கு அந்த நீண்ட கனவுகள் முழுசாகக் கிடைக்கின்றன. பாதியில் விழித்தால் அப்படியே கண்ணில் நிற்கும். அதில் வேறு மாயம் ஒன்றும் இல்லை.

சும்மா கிடக்கிறாயே என்று உன் அப்பா திட்டினால் மனசில் வைத்துக்கொள்ளாதே. மாமல்லபுரத்தில் மகிஷமர்த்தினி மண்டபத்துக்குக் கூட்டிப் போனேனே, நினைவிருக்கிறதா? ஒரு சுவரில் சிங்கத்தின்மேல் துர்க்கை, கையில் வில், எதிரே எருமைத்தலை அசுரன். நேரெதிர்ச் சுவரில் பெருமாள் பாம்பணையில் கால் நீட்டிப் படுத்திருக்கிறார். காலடியில் இரண்டு அசுரர்கள் வந்து நிற்கும்போதும் அந்த முகத்தில் சலனமே இல்லை. போருக்கு ஒரு சுவரென்றால் உறக்கத்துக்கும் ஒரு சுவர் கொடுத்திருக்கிறான் பல்லவச் சிற்பி. பரீட்சை முடித்து வந்த பெண் நாலு நாள் படுத்துக் கிடப்பதில் தப்பே இல்லை. போனை மட்டும் வேறு அறையில் வைத்துவிட்டுப் படு.

கண்ணகியின் கனவு பலித்ததே என்பாய். அது காவியம். வரப்போவதை நமக்கு முன்கூட்டியே காட்ட இளங்கோவடிகள் வைத்த இடம் அது. ஆனால் அதில் ஒன்றைக் கவனி: அவள் அந்தக் கனவைத் தேவந்தியிடம், பக்கத்தில் இருந்த தோழியிடம், வாய்விட்டுச் சொன்னாள். நீயும் உன் அம்மாவிடம் சொல். முகம் தெரியாதவர்கள் எழுதிய கனவுப் பலனைத் தேடி ராத்திரியில் உட்காராதே.

வெள்ளிக்கிழமை கிளம்பி வா. திருவான்மியூரில் மாமல்லபுரம் பஸ் ஏறினால் இங்கேயே இறங்கலாம். மிச்சப் பகுதிகளை ஆயாவையும் உட்கார வைத்துக்கொண்டு பகலிலேயே பார்ப்போம்.

அன்புடன்,
உன் அத்தை