சைக்கிள் கொடுத்தார்கள், பாதை எங்கே?

அன்புள்ள வாசகருக்கு,

மேம்பாலங்களைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. “சைக்கிளை எந்த அரசியல்வாதி எதிர்க்கிறார்? பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே கொடுக்கிறார்கள், தலைவர்களே ஓட்டுகிறார்கள், இன்னும் என்னதான் செய்ய வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வி பலருக்கும் இருக்கும் என்பதால் இதழ் வழியாகவே பதில் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வது உண்மை. சைக்கிளை எதிர்க்கும் கட்சி தமிழ்நாட்டில் இல்லை. நலத்திட்டத்தில் சைக்கிள் உண்டு, போராட்டத்தில் உண்டு, உடற்பயிற்சியில் உண்டு. போக்குவரத்து என்று வரும்போதுதான் அதை மறந்துவிடுகிறார்கள். என் குறை இது ஒன்றுதான்.

முதலில் நலத்திட்டம். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கென்று தொடங்கிய இலவசச் சைக்கிள் திட்டம், சில ஆண்டுகளிலேயே அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்தது. ஆட்சிகள் மாறியும் அது நிற்கவில்லை. அதன் அருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிகாரில் 2006இல் நிதிஷ் குமார் அரசு ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. அதை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்வது சுமார் 30 சதவீதம் கூடியதைக் கண்டார்கள். பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் பலன் மிகுதி. ஒரு சைக்கிளால் ஒரு பெண்ணின் படிப்பு தொடர்கிறது என்றால் அதைவிட நல்ல செலவு எது?

ஆனால் தமிழ்நாட்டில் அந்தச் சைக்கிள் எந்தத் துறையின் கணக்கில் வருகிறது என்று பாருங்கள். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத்துறை. அது ஓட வேண்டிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, இல்லையென்றால் உள்ளாட்சியுடையது. ஒரு துறை பிள்ளையின் கையில் சைக்கிளைக் கொடுக்கிறது. அந்தப் பிள்ளை எந்தச் சாலையில் போகும் என்று கேட்கும் கடமை இன்னொரு துறைக்கு இல்லை.

பள்ளி விடும் நேரத்தில் ஒரு நான்கு வழிச் சாலையோரம் நின்று பாருங்கள். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் தார் இருக்கும். அது முடியும் இடத்தில் மண்ணும் சல்லியுமாகப் பள்ளம். பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் அந்தப் பள்ளத்தில்தான் இறங்க வேண்டும். புத்தகப் பை முதுகில், தங்கையோ தோழியோ கேரியரில். எதிர்ப்புறம் இருக்கும் ஊருக்குத் திரும்ப சென்டர் மீடியனில் திறப்பு எங்கோ தள்ளி இருக்கும். அவ்வளவு தூரம் மிதித்துப் போய்ச் சுற்றி வர யாருக்குத் தெம்பு? அதனால் எதிர்த்திசையிலேயே ஓரமாக வருவார்கள். அடிபட்டால் “ராங் சைடில் வந்தான்” என்று சொல்லி முடித்துவிடுவோம். அந்தத் திறப்பை அங்கே வைத்தது யார் என்று கேட்பதில்லை.

அடுத்து, தலைவர்கள் ஓட்டுவது. 2021 ஏப்ரலில் நடிகர் விஜய் நீலாங்கரையில் வாக்களிக்கச் சைக்கிளில் வந்தார். பெட்ரோல் விலைக்கு எதிர்ப்பா, சைக்கிளின் நிறத்தில் ஏதும் குறிப்பா என்று நாடே பேசியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ராகுல் காந்தியும் எதிர்க்கட்சி எம்.பி.க்களும் எரிபொருள் விலையைக் கண்டித்து நாடாளுமன்றத்துக்குச் சைக்கிளில் போனார்கள். ஒன்றிய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் பயணங்களை ஓர் இயக்கமாகவே நடத்துகிறார். இவர்களின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் பால் கேனோடும், பூக்கூடையோடும், சித்தாள் வேலைக்குச் சாப்பாட்டுத் தூக்கோடும் மிதிக்கிறவர்களைப் பற்றி இந்தப் பயணங்கள் பேசுவதில்லை. உடற்பயிற்சிக்கோ போராட்டத்துக்கோ அவர்கள் ஓட்டவில்லை. பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசு மிச்சமாகும் என்று ஓட்டுகிறார்கள்.

கொள்கையே இல்லை என்றும் சொல்ல முடியாது. நாட்டிலேயே முதலாவதாக, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று 2014இல் கொள்கை வகுத்தது சென்னை மாநகராட்சி. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்றது அது. 2018க்குள் நடப்பவர், மிதிப்பவர் ஒருவர்கூடச் சாலையில் சாகக் கூடாது என்பது இலக்கு. அந்த ஆண்டு வந்து போய்விட்டது, சாவு நிற்கவில்லை. 2019இல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம், மனம் வைத்தால் முடியும் என்று காட்டியது. ஆனால் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலைக்கு 621 கோடி ரூபாய் என்று அறிவிக்கும்போது இருக்கும் வேகம், அந்த 60 சதவீதத்துக்கு இல்லை.

காரணம் எளிது. மேம்பாலத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, கட்டியவர் பெயர் நிலைக்கும். சைக்கிள் பாதைக்காக யாரும் வாக்கு மாற்றிப் போட்டதில்லை. மிதிக்கிறவர்களில் பலருக்கு வாக்கு வயதே ஆகவில்லை, மற்றவர்களுக்கு மனு எழுத நேரமில்லை. முடிவெடுப்பவர்களோ சாலையைக் கார் கண்ணாடி வழியாகப் பார்க்கிறவர்கள்.

“வெளிநாட்டுக்காரனுக்குச் சரி, நமக்கு ஒத்து வருமா?” என்றும் எழுதியிருக்கிறீர்கள். நெதர்லாந்தும் ஒரு காலத்தில் காருக்காக வீதிகளை அகலப்படுத்திய நாடுதான். 1971இல் அங்கே சாலையில் இறந்தவர்கள் 3,000 பேருக்கு மேல். அவர்களில் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கி, ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்றே இயக்கத்துக்குப் பெயர் வைத்துப் போராடினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. அரசியல்வாதிகள் அதற்குப் பிறகுதான் மாறினார்கள். 2024 ஜூலையில் மார்க் ருட்டே பிரதமர் பதவியை ஒப்படைத்துவிட்டுச் சைக்கிளிலேயே கிளம்பிப் போனதைப் பார்த்து நாம் அவருடைய எளிமையை வியந்தோம். அவர் போகப் பாதை இருந்தது, அதை மக்கள் கேட்டு வாங்கினார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்று, சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். கல்குவாரித் தொழிலாளி முதல் அங்கன்வாடிப் பணியாளர் வரை ஆயிரக்கணக்கில் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கி, முன்பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு போனார்கள். சைக்கிளை இரக்கப்பட்டுக் கொடுக்கும் பொருளாக நினைக்காமல், ஒரு மனிதர் தன் விருப்பப்படி போய்வரும் உரிமையாக நினைத்த நிர்வாகம் இதே மண்ணில் இருந்திருக்கிறது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபையிலோ, நகரமானால் வார்டு கூட்டத்திலோ எழுந்து மூன்றே விஷயம் கேளுங்கள். நம் மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் சாலைகளில் பிள்ளைகள் மிதிக்கத் தனி இடம் வேண்டும். பள்ளிக்கு எதிரே சாலையைக் கடக்க வழி வேண்டும். அங்கே வண்டிகளின் வேகம் குறைய வேண்டும். அந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். வாக்குக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும் அதை அவர் கையில் கொடுங்கள். சைக்கிள் கொடுத்த அரசுக்குப் பாதை கொடுக்கும் கடமையும் உண்டு. நாம் கேட்காதவரை அது வராது.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்