சாப்ட்வேர் சர்டிபிகேட் வாங்கினால் வேலை கிடைக்குமா?

பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், எம்.சி.ஏ. படிக்கும் மாணவர்களும், அவர்களுக்காகப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்த பெற்றோர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. காலேஜ் படிப்புடன் ஒரு சர்டிபிகேட்டும் கையில் இருந்தால் வேலை கிடைப்பது சுலபமாகுமா? எந்த சர்டிபிகேட், எந்த வேலைக்கு என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். சர்டிபிகேட் என்ற பெயரில் இரண்டு விதமான தாள்கள் நம் கைக்கு வருகின்றன. ஒன்று, பயிற்சி மையம் தானே பாடம் நடத்தி, தானே தேர்வு வைத்து, தானே அச்சடித்துத் தருவது. நீங்கள் வகுப்பிற்கு வந்தீர்கள் என்பதற்கு மட்டுமே இது சாட்சி. மற்றொன்று, சாப்ட்வேரையோ கருவியையோ தயாரிக்கும் நிறுவனமே வைக்கும் தேர்வு. சிஸ்கோவின் சி.சி.என்.ஏ., ரெட் ஹேட்டின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ., அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். தேர்வுகள் இந்த வகை. பயிற்சி எங்கு வேண்டுமானாலும் பெறலாம். வீட்டிலேயே கூடப் படிக்கலாம். தேர்வு மட்டும் அந்த நிறுவனம் சொல்லும் முறையில்தான் நடக்கும். தேறியவர் உண்மையிலேயே தேறினாரா என்று வேலை தருபவர் இன்டர்நெட்டில் சரிபார்த்துக் கொள்ளலாம். பணம் கட்டும் முன், "தேர்வை நடத்துவது யார்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சர்டிபிகேட்டிற்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1973ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்ட மூவரில் இவரும் ஒருவர். அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலைக்கு எடுப்பவருக்கு உங்கள் திறமை கண்ணுக்குத் தெரியாது. எனவே வெளியில் தெரியும் ஓர் அடையாளத்தைப் பார்க்கிறார். திறமை இல்லாதவருக்குக் கிடைப்பது கடினம் என்றால்தான் அந்த அடையாளத்திற்கு மதிப்பு. எல்லாருக்கும் எளிதில் கிடைத்துவிட்டால் அது வெறும் தாள்.

மைக்ரோசாப்ட்டின் எம்.சி.எஸ்.இ. பட்டத்திற்கு இதுதான் நடந்தது. 1990களின் இறுதியில் அதற்கு இருந்த மவுசு பலருக்கு நினைவிருக்கும். பழைய கேள்விகளை மனப்பாடம் செய்தே பலர் தேறினார்கள். "பேப்பர் எம்.சி.எஸ்.இ." என்ற கேலிப் பெயரும் வந்தது. 2021 ஜனவரி 31 அன்று மைக்ரோசாப்ட் அந்தப் பட்டத்தையே நிறுத்திவிட்டது. ஆனால் "டம்ப்ஸ்" என்று கேள்விகளை விற்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதைப் பயன்படுத்தியது தெரிந்தால் சர்டிபிகேட்டே ரத்தாகலாம்.

எந்த வேலைக்கு உதவும்?

புரோகிராமர் வேலைக்குக் காலேஜிற்கு வந்து ஆள் எடுக்கும் பெரிய நிறுவனங்களை எடுத்துக் கொள்ளுங்கள். இவை மதிப்பெண்ணைப் பார்க்கின்றன, தாமே ஒரு தேர்வு வைக்கின்றன, புரோகிராம் எழுதச் சொல்கின்றன. எடுத்த பிறகு தாங்களே பயிற்சியும் தருகின்றன. இங்கே ஒரு ஜாவா சர்டிபிகேட் பெரிதாக எதையும் மாற்றாது. அதற்கு ஆகும் பணத்தை மிச்சம் பிடித்து, தினமும் இரண்டு புரோகிராம் எழுதிப் பழகலாம் என்பது என் கருத்து.

நெட்வொர்க், சர்வர் நிர்வாகம், கிளவுட் ஆகிய துறைகளில் கதையே வேறு. இதற்கு ஒரு காரணம் வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. சிஸ்கோ, அமேசான் போன்றவை தம் பொருட்களை விற்று, நிறுவிக் கொடுக்கும் கூட்டாளி நிறுவனங்களுக்குப் பல தகுதி நிலைகள் வைத்திருக்கின்றன. மேல் நிலைக்குப் போக, சர்டிபிகேட் பெற்ற ஊழியர்கள் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. ஆக, அப்படிப்பட்ட நிறுவனத்திற்கு உங்கள் சர்டிபிகேட் நேரடியாகவே தேவைப்படுகிறது. நீங்கள் தேட வேண்டிய இடமும் இந்தக் கூட்டாளி நிறுவனங்கள்தான்.

அங்கேயும் நேர்முகத் தேர்வு உண்டு என்பதை மறக்க வேண்டாம். நான் உட்கார்ந்திருந்த ஒரு தேர்வில், சி.சி.என்.ஏ. முடித்த ஓர் இளைஞரிடம், 192.168.1.0/26 என்ற நெட்வொர்க்கில் எத்தனை கம்ப்யூட்டர்களை இணைக்கலாம் என்று கேட்டோம். மொத்தம் 64 முகவரிகள்; முதலும் கடைசியும் போக 62. அவர் பார்முலாவை ஒப்பித்தார், விடை வரவில்லை. அடுத்து வந்த பெண்ணிடம் சர்டிபிகேட் இல்லை. தாளில் கட்டம் போட்டுப் பிரித்துக் காட்டினார். வேலை அவருக்குத்தான் போனது.

அதனால்தான் செய்முறைத் தேர்வுகளை நான் அதிகம் மதிக்கிறேன். ஆர்.எச்.சி.எஸ்.ஏ.வில் சரியான விடைக்கு டிக் அடிக்கும் கேள்விகள் கிடையாது. லினக்ஸ் கம்ப்யூட்டரைத் தந்து வேலைகளைச் செய்யச் சொல்வார்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்த பிறகும் நீங்கள் செய்தவை நிலைத்திருக்க வேண்டும். இதை மனப்பாடத்தால் சமாளிக்க முடியாது.

இன்னொரு செலவும் உண்டு. சி.சி.என்.ஏ., ஆர்.எச்.சி.எஸ்.ஏ., ஏ.டபிள்யூ.எஸ். மூன்றுக்கும் ஆயுள் 3 ஆண்டுகள்தான். முதலாம் ஆண்டிலேயே வாங்கி வைத்தால், படிப்பு முடியும்போது அதுவும் முடியப் போகும். கடைசி ஆண்டில் எழுதுவதே நல்லது.

வீட்டுக் கம்ப்யூட்டரே பயிற்சிக்கூடம்

உங்கள் கம்ப்யூட்டரில் 8 ஜிபி ராம் இருந்தால் போதும். வெர்சுவல்பாக்ஸ் என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோட் செய்து, அதற்குள் அல்மாலினக்ஸ் அல்லது ராக்கி லினக்ஸை நிறுவுங்கள். விண்டோஸ் அப்படியே இருக்கும். லினக்ஸ் ஒரு தனி விண்டோவில் இயங்கும். எதைக் கெடுத்தாலும் அழித்துவிட்டு மறுபடி நிறுவலாம். நிறுவும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்பார்மன்ஸ் டேபில் சிபியு என்பதைக் கிளிக் செய்து, வெர்சுவலைசேஷன் என்பதற்கு எதிரே எனேபிள்டு என்று இருக்கிறதா எனப் பாருங்கள். இல்லையென்றால் பயாஸ் செட்டிங்கில் அதை இயக்க வேண்டும். நெட்வொர்க் பழக, சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் இருக்கிறது. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் பெயரைப் பதிவு செய்தால் இலவசம். ரூட்டர், சுவிட்ச் எதுவும் வாங்காமல் திரையிலேயே இணைத்துப் பார்க்கலாம்.

இப்படி ஒரு மாதம் பழகிய பிறகு, வேலை தேடும் தளம் ஒன்றில் உங்களுக்குப் பிடித்த வேலைக்கான 20 விளம்பரங்களைப் படியுங்கள். எந்த சர்டிபிகேட்டின் பெயர் எத்தனை முறை வருகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். ஒன்றிரண்டில்தான் வருகிறது என்றால் பணத்தைக் கட்டாதீர்கள்.

தேர்வுக்குப் பதிவு செய்ய முடிவெடுத்தால் பெயர் விஷயத்தில் கவனம் தேவை. நம் ஊரில் இனிஷியல்தான் வழக்கம். படிவத்திலோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அரசு தந்த புகைப்பட அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் தேர்வு மையத்தில் உள்ளே விடமாட்டார்கள். கட்டிய பணமும் போய்விடக்கூடும்.