இணையப்பக்கம் குழம்பித் தோன்றின் கமக்காரர் செய்ய வேண்டியவை

பேராதனையிலுள்ள விவசாயத் திணைக்களம் 1912 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. நெடுங்காலமாக அதன் அறிவுரைகள் அச்சிட்ட துண்டுப்பிரசுரங்கள் வாயிலாகவும் விவசாயப் போதனாசிரியரின் வாய்மொழி வாயிலாகவுமே கமக்காரரை அடைந்து வந்தன. இன்று அவற்றுட் பல இணையத்தளத்திலும் இடம்பெற்றுள்ளன. மாரஸ்ஸனையில் போஞ்சி பயிரிடுபவரும் தெல்தெனியாவில் நெல் விதைப்பவரும் வரப்பில் நின்றவாறே கைத்தொலைபேசியில் அவற்றை வாசித்தல் கூடும்.

ஆயினும் அச்சுத்தாளுக்கும் இணையப்பக்கத்துக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அச்சுத்தாள் எவர் கையிற் கிடைப்பினும் ஒரே தோற்றமுடையது. இணையப்பக்கமோ, திறக்கும் ஒவ்வொரு முறையும் வாசிப்பவருடைய தொலைபேசியிலேயே புதிதாகக் கட்டப்படுகின்றது. எழுத்து, படம், நிரல்களை ஒழுங்கு செய்யும் குறிப்பு ஆகியன தனித்தனியே வந்து சேர, அவற்றைப் பொருத்திக் காட்டுவது உலாவி எனப்படும் செயலியாகும். குரோம், பயர்பாக்ஸ், ஒப்பரா மினி என்பன இத்தகையன. வந்து சேரும் பகுதிகளுள் ஒன்று தவறினும், உலாவி அதனைப் பிழையாக விளங்கிக் கொள்ளினும் பக்கம் குழம்பும்.

இதனைச் சிறு தொல்லையென்று கமக்காரர் தள்ளிவிடலாகாது. எழுத்துக்கள் சிதையும்போதும் இலக்கங்கள் பெரும்பாலும் சிதையாது நிற்பதே இதிலுள்ள அபாயம். சுற்றிலும் விளங்காத குறிகள் இருக்க, நடுவே 100 என்னும் இலக்கம் மட்டும் தெளிவாய்த் தெரியும். அதனைக் கண்டவர் மீதியை ஊகித்துக் கொள்கிறார். ஹெக்டயர் ஒன்றுக்கு 100 கிலோகிராம் என்பதை ஏக்கருக்கென்று கொண்டால், ஏறக்குறைய இரண்டரை மடங்கு யூரியா வயலிற் சேரும். பயிர் கரும்பச்சையாகிச் செழித்தது போற் காணப்பட்டுப் பின்னர்ச் சாயும். எரிபந்த நோயும் கபிலநிறத் தத்தியும் அதனை எளிதிற் பற்றும். பீடைநாசினியின் அளவிலே இவ்வாறான ஊகம் இன்னும் கொடியது. ஆகவே, சொற்கள் வாசிக்கப்படாத பக்கத்திலுள்ள எந்த இலக்கத்தையும் வயலுக்குக் கொண்டு செல்லற்க.

பிழை எங்குள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அதே பக்கத்தை வேறோர் உலாவியிலோ அயலவரின் தொலைபேசியிலோ திறந்து பார்க்க. அங்கும் அவ்வாறே குழம்பியிருப்பின் பெரும்பாலும் பிழை பக்கத்தினுடையது. நீங்கள் தொலைபேசியை மாற்றியும் பயனில்லை. அங்கே செவ்வையாகத் தோன்றின் பிழை உங்கள் உலாவியிலோ தொலைபேசியிலோ உள்ளது. நோயுற்ற செடியைப் பிடுங்கி வேரைப் பார்ப்பது போன்றது இச்சோதனை. இதனைச் செய்யாது தொலைபேசியைப் பழுதுபார்க்கக் கண்டி நகருக்குப் பேருந்தேறுவோர் பலர்.

குழப்பத்தின் தோற்றமே அதன் காரணத்தைக் காட்டும்.

தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் பொருளின்றிக் கலந்திருப்பின், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதப்பட்டதாகும். அவ்வகை எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடங்களிலே தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. அவ்வெழுத்துரு இல்லாத தொலைபேசியில் "நெல்" என்னும் சொல் மூன்று ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றும். 1991 ஆம் ஆண்டு வெளியான யூனிகோட் முறையிலே தமிழ் எழுத்துக்களுக்குத் தனி இடங்கள் வகுக்கப்பட்டன. எனினும் இலங்கையிற் பாமினி பின்னரும் நெடுங்காலம் வழங்கிற்று. இக்குழப்பம் பக்கங்களில் மட்டுமன்றிப் பகிரப்படும் செய்திகளிலும் அடிக்கடி நேர்கின்றது. பழைய துண்டுப்பிரசுரத்தின் பீ.டீ.எப். கோப்பு திறக்கும்போது அழகிய தமிழாகவே தோன்றும், எழுத்துரு அக்கோப்பினுள்ளேயே பொதிந்திருப்பதனால். ஆனால் அதிலிருந்து நான்கு வரிகளைப் பிரதிசெய்து வட்ஸ்அப்பில் அனுப்பினால், பெறுபவருக்குச் சேர்வது ஆங்கிலக் குப்பையும் நடுவே சில இலக்கங்களுமே. வரிகளைப் பிரதிசெய்யாது கோப்பை முழுமையாக அனுப்புக. அல்லது தலைப்பும் அலகும் தெரியும்படி திரையைப் படமெடுத்து அனுப்புக. ஏற்கெனவே குழம்பி வந்தவற்றை, பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் இணையப்பக்கங்களில் இட்டு வாசித்துக் கொள்ளலாம்.

இரண்டாவது வகை இதனின் வேறானது. தலையிற் சாய்கோடிட்ட சிறிய "ஏ" என்னும் ஆங்கில எழுத்தும், வட்டத்துள் அடைபட்ட "ஆர்" எழுத்தும் மீண்டும் மீண்டும் வருமாயின், பக்கம் யூனிகோட் தமிழிலேதான் உள்ளது. உலாவி அதனை மேனாட்டு எழுத்தென்று பிழையாக வாசித்துள்ளது. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று துண்டுகளாக உடைந்து தோன்றும். 10 முதல் 15 வரை என்பதைக் காட்டும் சிறு கோடும் இவ்வாறே மூன்று வேற்றுக் குறிகளாகிவிடும். பக்கத்தை ஒருமுறை புதுப்பித்துப் பார்க்க. கணினியிலுள்ள பயர்பாக்ஸ் உலாவியில் எழுத்துக் குறியீட்டைத் திருத்தும் கட்டளை இன்றும் உண்டு. குரோமில் அக்கட்டளை இப்போது இல்லை. அதனாற் குரோம் மட்டும் உடையவர் வேறோர் உலாவியை நாடுதல் நன்று.

வெறுங் கட்டங்கள் தோன்றின் தொலைபேசியிலே தமிழ் எழுத்துரு இல்லை. கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து, புள்ளிகளாலான வட்டத்தோடு நிற்பின், தொலைபேசியின் இயக்கமுறைமை பழையது. அதனையும் உலாவியையும் இற்றைப்படுத்துதலே பரிகாரம்.

எழுத்துக்கள் செம்மையாயிருந்தும் அட்டவணை மட்டும் நிலைகுலைதல் உண்டு. உண்மையில் இதுவே அதிகம் ஏமாற்றக்கூடியது, வாசகர் ஐயுறுதற்கு எதுவும் இல்லாமையால். பெரும்போகத்துக்குரிய நிரல் நழுவிச் சிறுபோகத் தலைப்பின் கீழ் நிற்கும். அல்லது கடைசி நிரல் திரைக்கு வெளியே மறைந்து கிடக்கும். தொலைபேசியைக் கிடையாகத் திருப்புக. கண்பார்வை குறைந்தோர் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பது வழக்கம். அது குற்றமன்று, ஆயினும் அட்டவணையை வாசிக்கும் அளவுக்கேனும் அதனைச் சிறிதாக்குக. உலாவியின் பட்டியிலே கணினித் தோற்றத்தைக் கேட்கும் தெரிவு உண்டு; அதனையும் முயல்க. மலைச்சரிவுகளில் அலைவரிசை நலிந்திருக்கும் வேளையில் ஒழுங்குக் குறிப்பு வந்து சேராமையால் எல்லாம் இடப்பக்கத்தில் ஒரே நிரலாய்க் குவியும். தரவைச் சிக்கனப்படுத்தும் முறையும் இவ்வாறு செய்யக்கூடும். அதனை நிறுத்தி, அலைவரிசை நன்கு கிடைக்குமிடத்தில் மீண்டும் திறக்க.

முன்னர் பார்த்த பக்கத்தின் பிரதியை உலாவி சேமித்து வைக்கும். அதனாற் சென்ற போகத்து அறிவித்தலே இப்போதும் தோன்றலாம். பக்கத்தின் திகதியைப் பார்த்துப் புதுப்பிக்க. மாறாவிடின் உலாவியின் அமைப்புகளிற் சேமிப்பை அழிக்க. தொலைபேசியின் திகதி பிழைபட்டிருப்பினும் சில தளங்கள் திறவா.

சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள பக்கத்தை உலாவி தானாகவே தமிழாக்கிக் காட்டுவதும் உண்டு. பயிர், நோய், மருந்து ஆகியவற்றின் பெயர்களை இம்மொழிபெயர்ப்பு பலகாற் பிறழக் கூறும். மேற்பட்டியில் மொழிபெயர்ப்பு என்னும் அடையாளம் காணப்படின் மூலப் பக்கத்துக்குத் திரும்பி, தமிழ்ப் பக்கத்துக்கான இணைப்பைத் தேடுக.

இவை யாவும் செய்தும் பக்கம் தெளியாவிடின் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம். அல்லது உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் காணலாம். அவரிடம் செல்லும்போது குழம்பிய திரையின் படத்தையும் பக்கத்தின் முகவரியையும் கொண்டு செல்க. மருந்தின் அளவைக் கேட்பதாயின் புட்டியையும் உடன் எடுத்துச் செல்லுதல் வேண்டும். அதில் ஒட்டியுள்ள சீட்டு கிழியாதிருக்கிறதா என்று புறப்படுமுன் பார்த்துக்கொள்க.