பழைய புல்டோசரைப் பேணும் முறை

புக்கிட் காத்தில் வட்டாரத்தில் பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை மறுநடவுக்கு நிலம் திருத்துகையில், மழைக்குப் பின் புல்டோசர் ஒன்று திடீரென நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் உடனே ஸ்பேனரை எடுத்து எண்ணெய்ப் பம்பைக் கழற்ற முனைகிறார். இதுவே பலரும் செய்யும் பிழை. பழுது பெரும்பாலும் எளிய இடத்தில்தான் இருக்கும். எளியதை முதலில் பார்த்து, கடினமானதை இறுதியில் தொடுவதே இப்பாடத்தின் சாரம்.

அமெரிக்காவின் கேட்டர்பில்லர் நிறுவனம் தன் முதல் டீசல் சங்கிலித்தட டிராக்டரை 1931ஆம் ஆண்டில் வெளியிட்டது. அவ்வழிவந்த பழைய இயந்திரங்களில் பழுதைக் காட்டும் கணினி கிடையாது. புகையும் ஒலியும் சூடுமே அவற்றின் மொழி.

மூன்று தேவைகள்

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி தரும் பிளக் இல்லை. பிஸ்டன் காற்றை ஏறத்தாழ 15 முதல் 20 மடங்கு அழுத்துவதால் அது 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறுகிறது. அதில் பீய்ச்சப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே தூய காற்று, தூய எண்ணெய், போதிய அழுத்தம் ஆகிய மூன்றும் தேவை. பழுது நேர்ந்தால், இம்மூன்றில் எது குறைந்தது என்று முதலில் கேளுங்கள்.

இயந்திரம் கிளம்பாவிட்டால்

தொட்டியில் எண்ணெய் உள்ளதா, குழாய் திறந்துள்ளதா என்று பாருங்கள். அடுத்து, வடிகட்டியின் அடியில் தேங்கிய நீரையும் கசடையும் வடித்துவிடுங்கள். குழாய்க்குள் காற்று புகுந்திருந்தால், வடிகட்டியின் மேல் திருகைச் சற்றுத் தளர்த்திக் கைப்பம்பை அடியுங்கள். நுரையின்றி எண்ணெய் வந்ததும் திருகை இறுக்குங்கள். நம் ஈரக் காற்றில், பாதி காலியான தொட்டிக்குள் இரவில் நீர் படியும். எனவே மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி வைப்பது நலம்.

புகை சொல்லும் செய்தி

கரும்புகை: காற்று போதவில்லை, அல்லது சுமை மிகுதி. காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்யுங்கள்.

வெண்புகை: குளிர்ந்த இயந்திரம் கிளம்பும்போது சிறிது நேரம் வருவது இயல்பு. நீடித்தால் இன்ஜெக்டரோ அழுத்தமோ கெட்டிருக்கலாம். ரேடியேட்டர் நீரும் குறைந்து வந்தால், நீர் சிலிண்டருக்குள் கசிகிறது என ஐயுற்று இயந்திரத்தை நிறுத்துங்கள்.

நீலப்புகை: மசகெண்ணெய் எரிகிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். எண்ணெய் ஊற்றிய காற்று வடிகட்டியாயின், அதில் அளவுக்கு மேல் ஊற்றியதும் காரணமாகலாம்.

சூடும் சேறும்

இயந்திரம் மிகச் சூடேறினால், ரேடியேட்டர் இடுக்குகளில் அடைத்த இலையையும் சேற்றையும் நீக்குங்கள். விசிறிப் பட்டையின் இறுக்கத்தைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்க வேண்டாம்.

சங்கிலித்தடத்தில் காய்ந்த செம்மண், தடத்தை இறுக்கி உருளைகளைத் தேய்க்கும். அன்றன்றே மண்வெட்டியால் சுரண்டிவிடுங்கள். தடத்தின் மேற்பகுதி சற்றுத் தொய்ந்திருக்க வேண்டும். பல இயந்திரங்களுக்கு அது 1 முதல் 1½ அங்குலம். சரியான அளவு கையேட்டில் இருக்கும். தடத்தை இறுக்கும் பகுதியில் கிரீஸ் பேரழுத்தத்தில் இருப்பதால், அதன் திருகுக்கு நேரே முகத்தை வைக்கவே கூடாது.

உயிர் முதலில்

எதைத் தொடுவதற்கும் முன் மண்தள்ளும் தகட்டைத் தரையில் இறக்கி, பிரேக்கைப் பூட்டி, இயந்திரத்தை அணையுங்கள். உயரத்தில் நிற்கும் தகட்டின் கீழ் எவரும் புகக் கூடாது. பேரழுத்தக் குழாயின் கசிவை விரலால் தேடாதீர்கள். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அந்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். காயம் ஊசிமுனை அளவே தெரிந்தாலும் கையையே இழக்க நேரிடலாம். வலி இல்லை என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நாள்தோறும் காலையில் பத்து நிமிடம் எண்ணெய், நீர், வடிகட்டி, தடம் ஆகியவற்றைப் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். நேற்றைய குறிப்போடு இன்றையதை ஒப்பிட்டால், பழுது முற்றுவதற்கு முன்பே தெரிந்துவிடும். அப்பத்து நிமிடம் இயந்திரத்துக்கு மட்டுமன்று, அதை ஓட்டுபவரின் கைக்கும் உயிருக்கும் காவலாகும்.