வீலின் பக்கவாட்டில் தேய்க்கும் முன்…

சர்ஃபேஸ் கிரைண்டரின் நேர் வீல் விளிம்பால் தேய்க்கத்தான் செய்யப்பட்டது. ஆனாலும் ஸ்டெப் உள்ள ஜாப் வந்துவிட்டால் பக்கவாட்டைத் தொடாமல் தீராது. வீலும் ஜாபும் கையும் தப்பிக்கச் சில குறிப்புகள், பட்டறை நண்பர்களே!

1. முதலில் ஜாபைத் திருப்பிப் பாருங்கள். கிரைண்டிங் வைஸில் கடித்து 90 டிகிரி புரட்டினால் பக்க முகம் மேலே வந்துவிடும், வீலின் விளிம்பாலேயே வேலை முடிந்துவிடும். புரட்ட முடியாத ஜாபுக்குத்தான் மற்ற குறிப்புகள்.

2. ஸ்டெப்பின் உள்மூலையில் ஒரு மில்லி அகலத்துக்கு அண்டர்கட் போட மில்லிங்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வீலின் முனையைக் கூர்மையாக வைக்கத் திரும்பத் திரும்ப டிரெஸ் செய்தே பாதி வீல் பொடியாகப் போகும்.

3. காடி வெட்டும் மெல்லிய வீலைப் பக்கவாட்டில் அழுத்தவே கூடாது, அது அப்பளம். 13 மில்லி அகலமாவது இருக்கட்டும். 20 இருந்தால் நிம்மதி.

4. 200 மில்லி வீல் தேய்ந்து 170 ஆகிவிட்டதா? தூக்கிப் போடாதீர்கள். பிளாஞ்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் குறைவதால் ஆட்டம் குறையும், விளிம்பின் வேகம் குறைவதால் சூடும் குறையும்.

5. மாட்டும் முன் வீலை விரலில் தொங்கவிட்டு, ஸ்குரூடிரைவரின் மரப்பிடியால் தட்டுங்கள். கணீர் என்றால் சரி, பொத்தென்றால் விரிசல். பிளாஞ்சுக்கு அடியில் உள்ள காகித வட்டத்தைக் கிழித்து எறியாதீர்கள். மாட்டியதும் கார்டை மூடி, ஓரமாக நின்று ஒரு நிமிஷம் வெறுமனே ஓட விடுங்கள்.

6. எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். வீலின் பக்க முகம் முழுதாக உரசினால் ஜாப் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். அதனால் வெளி ஓரத்தில் ஒன்றரை மில்லி அகல வளையத்தை மட்டும் விட்டு, அதற்கு உள்ளே அரை மில்லி ஆழத்துக்குக் குறைத்து விடுங்கள். ஸ்டெப்பின் உயரத்தைவிடச் சற்று அதிகமாக உள்ளே போனால் போதும். பிளாஞ்ச் வரைக்கும் சுரண்டி வீலை மெலிய வைக்க வேண்டாம்.

7. உடைந்த பச்சை சிலிக்கான் கார்பைடு வீலின் துண்டுகளைச் சேர்த்து வையுங்கள், இந்தக் குறைப்பு வேலைக்கு அதுவே போதும். டைமண்ட் டிரெஸ்ஸரின் ஆயுளும் கூடும். துண்டைக் கையில் பிடிக்காமல் வைஸில் கடித்து வையுங்கள்.

8. டை ஸ்டீலுக்கு 46 கிரெயின் வெள்ளை வீல் நல்லது. நைஸாக வரட்டும் என்று 80-ஐ மாட்டினால் கரிந்துதான் வரும்.

9. மேக்னட்டிக் சக் கீழ்நோக்கி நன்றாகப் பிடிக்கும், பக்கவாட்டுத் தள்ளலுக்கு அவ்வளவு தாங்காது. வீல் தள்ளும் திசையில் ஜாபை ஒட்டி, அதைவிடத் தணிவான ஒரு பட்டைக்கட்டையைத் தடுப்பாக வைத்து மேக்னட்டைப் போடுங்கள்.

10. பக்க முகத்தில் மார்க்கர் பேனாவால் பூசிவிட்டு வீலை மெல்ல நெருக்குங்கள்; மை அழியத் தொடங்கும் இடம்தான் பூஜ்யம். அதற்கு முன்பே வீலைத் தளத்திலிருந்து நூறில் இரண்டு பங்கு மில்லியாவது தூக்கிவிட வேண்டும், இல்லையென்றால் அடியும் பக்கமும் சேர்ந்து வெட்டும். கிராஸ் ஃபீடை ஒரே திசையில் சுற்றி, ஒரு தடவைக்கு 5 மைக்ரான் மட்டும் கொடுங்கள். கடைசியில் ஃபீட் கொடுக்காமல் பொறி அடங்கும் வரை ஓட்டினால் அளவு நிற்கும்.

11. உலர்வாகத் தேய்க்கும்போது ஜாப் சுட்டால் ஆற விடுங்கள். திடீரென்று தண்ணீர் ஊற்றினால் கடினமாக்கிய ஸ்டீலில் மயிரிழை விரிசல் விழலாம்.

12. வேலை முடிந்ததும் முதலில் கூலன்டை மூடி, வீலை இரண்டு நிமிஷம் சுற்ற விட்டு நிறுத்துங்கள். ஈரம் ஒரு பக்கமாக இறங்கித் தங்கினால் மறுநாள் வீல் உதறும்.

13. தினமும் இதே வேலைதானா? பக்கவாட்டில் தேய்ப்பதற்கென்றே கப் வீலும் டிஷ் வீலும் வருகின்றன. வாங்கும்போது ஸ்பிண்டில் வேகம், துளை அளவு, கார்டின் இடைவெளி மூன்றையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள். வீலில் அச்சிட்ட வேகம் உங்கள் ஸ்பிண்டில் வேகத்துக்குக் குறைவாக இருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.